ஆடுகளக் கல்வியும் ஏழைப் பிள்ளைகளும்

மே மாதம் பிறந்துவிட்டால் மதுரை மாநகரின் முஸ்லிம் தெருக்களில் ஒரே பேச்சுத்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும், காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் கோரிப்பாளையத்திலும் மஹபூப்பாளையத்திலும் பெற்றோர் ஒருவரையொருவர் காணும்போதெல்லாம், பிள்ளையை எதில் சேர்க்கப் போகிறீர்கள் என்றே கேட்டுக்கொள்கின்றனர். மருத்துவம், பொறியியல், வணிகவியல், கணினி என்று விடைகள் வருகின்றன. இப்படிப்புகளுக்கு வழி சொல்வோர் தெருவுக்குப் பத்துப் பேர் உளர். ஆனால் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஆண்டுதோறும் சில பிள்ளைகள் தயங்கி நிற்பதை நாம் கண்டு வருகிறோம். மதிப்பெண் நடுத்தரம், வீட்டு வருவாய் அதனினும் குறைவு. எனினும் ஓடச் சொன்னால் ஊரையே பின்னுக்குத் தள்ளி ஓடுவர். பந்தைக் கொடுத்தால் மைதானத்தையே தம் வசமாக்கிக் கொள்வர். இப்பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு?

நம் மஹல்லாவின் கல்வி உதவிக் குழுவில் சில ஆண்டுகளாகப் பணியாற்றும் வாய்ப்பை இறைவன் நமக்கு அளித்துள்ளான். அங்கு இக்கேள்வியோடு வந்த பெற்றோர் பலர். தையற்கடை வைத்திருக்கும் ஒருவர் தம் மகனை அருகில் நிறுத்திக்கொண்டு, “பாய், ஓடுறதுக்கும் ஒரு பட்டம் உண்டாமே? அது சோறு போடுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஏளனம் இல்லை, அச்சமே இருந்தது. நான்கு பேர் உண்ணும் வீட்டில் ஒருவன் மூன்றாண்டுக் காலம் உழைப்புக்கு வராமல் படிப்பதென்றால், அந்த மூன்றாண்டும் வீணாகிவிடக் கூடாது என்னும் அச்சம் அது. அந்த அச்சத்துக்குப் பொறுப்புடன் விடை கூறுவது நம் கடமை என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு தடையை அகற்றியாக வேண்டும். விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று எண்ணும் பழக்கம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. மார்க்கம் அவ்வாறு கூறவில்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஓடினார்கள் என்றும், ருகானா என்னும் மல்லருடன் மற்போரிட்டு வென்றார்கள் என்றும், பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது அதனைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்றும் ஹதீது நூல்கள் நமக்கு அறிவிக்கின்றன. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர் வலிமையற்றவரை விட இறைவனுக்கு உகந்தவர் என்பதும், உடலுக்கும் மனிதன்மீது உரிமை உண்டு என்பதும் பெருமானாரின் போதனைகள். கடமையான தொழுகையை மறக்கச் செய்யும் விளையாட்டே விலக்கத்தக்கது. உடலைப் பேணக் கற்பதும் அதனைப் பிறருக்குக் கற்பிப்பதும் நற்பணிகள் என்பதில் ஐயம் வேண்டா.

இனி, இக்கல்வி எவ்வாறு அமைந்துள்ளது என்பதைப் பார்ப்போம். அமெரிக்கா போன்ற நாடுகளில் பூங்கா நிர்வாகம், இளைஞர் முகாம், முதியோர் இல்லங்களில் மனமகிழ்வுப் பணி ஆகியவற்றுக்கென்றே தனிப் பட்டங்கள் உள்ளன. நம் நாட்டில் அவை பெரும்பாலும் உடற்கல்வி என்னும் ஒரே குடையின்கீழ் அடங்கிவிடுகின்றன. அந்தக் குடை நம் தமிழகத்தில் பழைமையானது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இத்துறைக்கென எழுந்த முன்னோடிக் கல்லூரிகளுள் ஒன்று அது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுடன் சென்றவரும் அவரே. பின்னர்க் கோவைக்கருகே பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதிக் கல்லூரியும், காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கல்வி வளாகத்தில் ஓர் உடற்கல்விக் கல்லூரியும், திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் பெயரில் மற்றொன்றும் தோன்றின. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்து, சென்னைக்கருகே மேலக்கோட்டையூரில் இயங்கி வருகிறது. ஆகவே இது நேற்று முளைத்த படிப்பன்று. நூறாண்டு கடந்த கல்வி மரபு.

இம்மரபில் ஏறிச் செல்லும் படிகள் மூன்று. இவற்றை வேறுபடுத்தி அறியாததாலேயே ஏழைக் குடும்பங்கள் பெரிதும் ஏமாற்றமடைகின்றன. ஆதலின் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

முதற்படி, பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் சேர்ந்து மூன்றாண்டு பயிலும் இளநிலை உடற்கல்விப் பட்டம். சில கல்லூரிகளில் இது பி.எஸ்ஸி. என்றும், சிலவற்றில் பி.பி.இ.எஸ். என்றும் வழங்குகிறது. இரண்டாம் படி பி.பி.எட். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, இதனை ஈராண்டு பயில வேண்டும். உடற்கல்வி ஆசிரியப் பணிக்குரிய தொழிற்பட்டம் இதுவே. மூன்றாம் படி எம்.பி.எட். இதுவும் ஈராண்டு. இதனை உரிய மதிப்பெண்ணுடன் முடித்து, நெட் அல்லது செட் தேர்விலும் வென்றவர் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராகலாம். பயிற்சியாளராக விரும்புவோரின் பாதை வேறு. 1961இல் பஞ்சாபின் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் அளிக்கும் பயிற்சியாளர் பட்டயமே அத்துறையில் பெரிதும் மதிக்கப்படுகிறது.

மேலே குறித்த தையற்காரரின் மகன் கதையைக் கேளுங்கள். நம்மிடம் வந்து சேர்வதற்கு முன்பே, தொலைவிலுள்ள ஒரு கல்லூரியின் ஆள் அவரைக் கண்டு, மூன்றாண்டு படித்தால் நேரே பள்ளி ஆசிரியராகலாம் என்று ஆசை காட்டியிருந்தான். தந்தை கடன் வாங்கிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டார். மகனும் கருத்துடன் பயின்று பட்டம் பெற்றான். அதன் பின்னரே, ஆசிரியப் பணிக்கு மேலும் ஈராண்டு பி.பி.எட். பயில வேண்டும் என்பது அவ்வீட்டுக்குத் தெரிந்தது. இன்னும் ஈராண்டுக் கட்டணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? பையன் இப்போது ஒரு கைப்பேசிக் கடையில் நிற்கிறான். அவனிடம் திறமைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஐந்தாண்டுச் செலவு என்பதை மூன்றாண்டுச் செலவென்று கூறிய ஒரு பொய்யே அவனை வீழ்த்திற்று.

இப்போது இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றைக் காண்போம். அது நம் மதுரை மண்ணிலேயே நிகழ்ந்தது, நாடே அறிந்தது.

மதுரைக்கருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். அவரையும் அவர் தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வயற்காட்டிலும் செங்கற்சூளையிலும் கூலி வேலை செய்து பேத்தியரைக் காத்த அம்மூதாட்டி, பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று உறவினர் சொன்னதற்குச் செவி சாய்க்காமல் பள்ளிக்கே அனுப்பினார். பள்ளிப் போட்டியொன்றில் ரேவதி வெறுங்காலுடன் ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பெண்பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்பத் தயங்கிய பாட்டியிடம் பொறுமையாகப் பேசி இணங்கச் செய்தார். மதுரையிலுள்ள விளையாட்டு விடுதியில் இடமும், லேடி டோக் கல்லூரியில் சேர்க்கையும் கிடைக்கத் துணை நின்றார். அவ்வழியே வளர்ந்த ரேவதி, 2021 ஜூலை 30ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக் களத்தில், ஆடவரும் மகளிரும் கலந்து ஓடும் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியின் நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழகத்தார் என்பது நமக்குப் பெருமை. அணி அடுத்த சுற்றுக்குச் செல்லவில்லை. ஆயினும் செங்கற்சூளைத் தொழிலாளியின் பேத்தி ஒலிம்பிக் களத்தை மிதித்தார். தென்னக ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் நிலையான வேலையும் பெற்றார்.

இவ்வரலாற்றில் நம் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ரேவதி கல்லூரியில் பயின்றது தமிழ் இலக்கியம். விளையாட்டின் பெயர் தாங்கிய பட்டம் எதுவும் அவரை உயர்த்தவில்லை. தங்க ஒரு விடுதி, வயிறார உணவு, ஓட ஒரு களம், வீட்டுக்கே வந்து பாட்டியிடம் பேசும் அளவுக்கு அக்கறை கொண்ட ஓர் ஆசான், விளையாடும் பிள்ளைக்கு இடமளித்த ஒரு கல்லூரி ஆகிய ஐந்தும் ஒரே ஊரில் ஒன்று கூடியதே அவரை உயர்த்திற்று. ஏழைப் பிள்ளைக்குப் படிப்பைத் தேர்ந்தெடுப்போர் பட்டத்தின் பெயரைக் கேட்கும் முன்னர் இந்த ஐந்தையும் கேட்டறிய வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

இதிலிருந்து ஒரு வழியும் புலனாகிறது. பி.பி.எட். சேர்வதற்கு ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும், போட்டிகளில் பங்கேற்ற சான்றும், உடற்தகுதியும் இருந்தால் போதும் என்கின்றன 2014 விதிகள். எனவே ஒரு பிள்ளை மதுரையிலேயே ஓர் அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ தமிழோ வணிகவியலோ பொருளியலோ பயின்றுகொண்டு, கல்லூரி அணியில் ஆடி, சான்றிதழ்களைச் சேர்த்து, அதன்பின் பி.பி.எட். பயிலலாம். இதனால் இரண்டு கதவுகள் திறந்திருக்கும். காயம் பட்டு ஆட்டம் நின்று போனாலும் கையில் ஒரு பொதுப்பட்டம் இருக்கும். அதைக் கொண்டு அரசுத் தேர்வுகளை எழுதலாம். நம் நகரில் 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1889இன் மதுரைக் கல்லூரி, 1948இன் லேடி டோக், 1949இன் தியாகராசர் கல்லூரி என்று பழம்பெரும் கல்லூரிகள் பல உள்ளன, கே.கே. நகரில் நம் வக்ஃபு வாரியக் கல்லூரியும் உள்ளது. எனினும் விதிகள் மாறக்கூடியவை. ஆசிரியர் கல்விக் குழுமம் புதிய விதிகளுக்கான வரைவை 2025இல் வெளியிட்டுள்ளது. நான்காண்டு ஒருங்கிணைந்த உடற்கல்விப் படிப்பும் அதில் பேசப்படுகிறது. ஆகவே சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள விதி எது என்பதைக் கேட்டறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

ஒரு கல்லூரியின் வாயிலில் நிற்கும் பெற்றோர் என்னென்ன கேட்க வேண்டும்? நாம் மஹல்லாவில் சொல்லி வருவனவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, ஏற்பு. பி.பி.எட். நடத்தும் கல்லூரி எதுவாயினும் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பைப் பெற்றிருக்க வேண்டும். அது இல்லாத பட்டம் ஆசிரியப் பணிக்கு உதவாது. வாய்மொழியாகக் கூறுவதை நம்பாமல் ஏற்பாணையின் படியைக் கேட்டுப் பார்க்கலாம்; கேட்பது மரியாதைக் குறைவன்று.

இரண்டாவது, முழுச் செலவு. கட்டணப் பட்டியலில் காண்பது பாதிச் செலவே. காலணி, சீருடை, விளையாட்டுக் கருவி, வெளியூர்ப் போட்டிப் பயணம், காயம் பட்டால் மருத்துவம் ஆகியவற்றை யார் ஏற்பது? ஓடுகிற பிள்ளைக்கு ஓராண்டில் ஒரு சோடிக் காலணி போதாது. இதையெல்லாம் முதலிலேயே கணக்கிடாத குடும்பம், இரண்டாம் பருவத்தில் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது, விடுதியும் உணவும். மைதானப் பயிற்சி வைகறையில் தொடங்கும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ முதற் பேருந்தைப் பிடித்து வரும் பிள்ளை, பயிற்சி முடியும் நேரத்தில்தான் ரேஸ் கோர்ஸ் மைதானத்தை எட்டும். சோழவந்தான் வயல்வெளியிலுள்ள சிற்றூருக்கு மாலையில் திரும்புவதும் அவ்வாறே. ஆகவே சமவெளிக் கிராமத்துப் பிள்ளைக்கு விடுதி இல்லாத படிப்பு பாதிப் படிப்பே. விடுதி உணவில் முட்டையும் பாலும் பருப்பும் உண்டா என்றும், நம் பிள்ளைகளுக்கு ஹலால் உணவுக்கு வழி உண்டா என்றும், ரமலானில் ஸஹருக்கு ஏற்பாடு செய்ய இசைவார்களா என்றும் தயங்காமல் கேட்கலாம்.

நான்காவது, முடித்தோர் தொகை. சேர்ந்தோர் எத்தனை பேர் என்று எல்லாக் கல்லூரியும் சொல்லும். அவர்களுள் முடித்தோர் எத்தனை பேர், முடித்த பின் எங்கே பணியாற்றுகின்றனர் என்று கேளுங்கள். நல்ல கல்லூரி பெயர்களோடு விடை சொல்லும். கூடுமானால் முன்னாள் மாணவர் இருவரைத் தனியே கண்டு பேசுங்கள். அச்சிட்ட அறிக்கையை விட அவர்கள் பேச்சு நம்பத்தக்கது.

ஐந்தாவது, கவனிக்க ஓர் ஆள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு, விண்ணப்பம் எழுதுவது முதல் தேர்வுக் கட்டணம் கட்டுவது வரை எல்லாம் புதிது. ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுதலாம் என்பதைக்கூட அறியாமல் ஊர் திரும்பியோர் உண்டு. உடற்கல்வியிலும் உடற்கூற்றியல், உடலியங்கியல், உளவியல் ஆகிய ஏட்டுப் பாடங்கள் உள்ளன. மைதானத்தில் முந்தும் பிள்ளை அவற்றில் பின்தங்குவதுண்டு. அப்போது மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவராவது அங்கு உண்டா?

இவ்வைந்துக்கும் நல்ல விடை கிடைத்தால், கட்டிடம் சிறியதாயினும் பெயர் பெரிதாக இல்லாவிடினும் அங்கே சேர்க்கலாம். விடை கிடைக்காவிடின், கட்டிடம் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் திரும்பி வந்துவிடுதல் நலம்.

இனி, அந்தத் தையற்காரர் கேட்ட கேள்விக்கு நேராகவே வருவோம். சோறு போடுமா? பூசி மெழுகாமல் சொல்லுகிறோம். 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியரை அமர்த்தியபோது மாத ஊதியம் 5,000 ரூபாய். அது சிறிது சிறிதாக உயர்ந்து 2021இல் 10,000 ஆகவும், 2024இல் 12,500 ஆகவும் ஆயிற்று. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடியதை நாளிதழ் படிப்போர் அறிவர். பட்டம் பெற்றதும் அரசுப்பணி காத்திருக்கிறது என்று எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டா.

அதற்காக வழியே இல்லை என்பதும் பொருந்தாது. தமிழக அரசுப் பணிகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரருக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, காவல்துறை, இராணுவம் ஆகியவையும் வீரர்களைத் தேடி எடுக்கின்றன. தனியார் பள்ளிகள், உடற்பயிற்சிக் கூடங்கள், யோகப் பயிற்சி நிலையங்கள், சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகள், மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுகள் ஆகிய இடங்களிலும் தேர்ந்தோருக்குத் தேவை இருக்கிறது. 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் 24 நாட்டு அணிகள் ஆடிய இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் சென்னையிலும் நம் மதுரையிலும் நடைபெற்றன. மக்கள் கண்டது களத்தில் ஆடியவர்களை. ஆனால் ஒரு போட்டி நடைபெற வேண்டுமானால் நடுவர், களம் பேணுவோர், முதலுதவியாளர், தசைப்பிடிப்பு நீக்குவோர், உணவு வகுப்போர், அட்டவணை எழுதுவோர் என்று எத்தனை கைகள் வேண்டும்! அவை ஒவ்வொன்றும் ஒரு தொழில். பயிலும் காலத்திலேயே நடுவர் தேர்வையும் முதலுதவிச் சான்றையும் பெற்றுவிடும் பிள்ளை, பட்டம் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளையை விட எளிதில் பிழைத்துக்கொள்ளும்.

உதவிகளைப் பற்றியும் சில சொற்கள். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் 3.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லெப்பைகளும், தக்கணி முஸ்லிம், ஷேக், சையது முதலிய பிரிவினரும் இதில் அடங்குவர். சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக எழுதப்படாததால் இவ்வுரிமையை இழப்போர் உளர். தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் வருமானச் சான்றையும் இதனையும் முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாளும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோரும் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். சேரும் கல்லூரியின் அலுவலகத்திலேயே இவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பள்ளியில் ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் பாதுகாத்து வையுங்கள். இன்று வெறும் தாளாகத் தோன்றுவது நாளை ஓர் இடத்தைப் பெற்றுத் தரும்.

பெண்மக்களைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. மானம் காக்கும் உடையோடு விளையாட இயலுமா என்று தாய்மார் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. உலகக் கால்பந்தில் தலையை மறைக்கும் துணிக்கு 2014இலும், கூடைப்பந்தில் 2017இலும் விதிப்படி இசைவு கிடைத்தது. அமெரிக்க வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மது 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் களமிறங்கித் தம் அணியோடு வெண்கலப் பதக்கம் வென்றார். அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கங்களை வென்று திரும்பினார். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு பெண்ணை நாமும் அறிவோம். தாய் மட்டும் உழைக்கும் வீடு. மகளிர் கல்லூரியொன்றில் பொதுப்பட்டம் பயின்று, அதன் விடுதியிலேயே தங்கிக் கைப்பந்து ஆடி, பிறகு பி.பி.எட். முடித்து, இன்று ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறார். அவரிடம் பயிலும் நம் பெண்களின் தாய்மாருக்கு இப்போது அச்சமில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெண்ணாசிரியை வேண்டுமென்று விரும்புகிற சமுதாயம், அத்தகைய ஆசிரியையரை உருவாக்கவும் வேண்டுமன்றோ?

இறுதியாக நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹாஜி கருத்த ராவுத்தர் 1956இல் உத்தமபாளையத்தில் ஹௌதியா கல்லூரியைத் தோற்றுவித்தார். ஜமால் முஹம்மதும் காஜாமியான் ராவுத்தரும் 1951இல் திருச்சியில் ஒரு கல்லூரி எழக் காரணராயினர். இளையான்குடியில் 1970இல் டாக்டர் ஜாகிர் ஹுசைன் கல்லூரி எழுந்தது. அவர்களுடைய கொடையால் பல்லாயிரம் குடும்பங்கள் கல்வி கண்டன. அத்தகைய பெருங்கொடை நம் ஒவ்வொருவராலும் இயலாது. ஆனால் ஏழைப் பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் பெருந்தொகையால் நின்று போவதில்லை. ஒரு சோடிக் காலணி, ஒரு மாத விடுதிக் கட்டணம், ஒரு தேர்வுக் கட்டணம், போட்டிக்குச் செல்ல ஒரு ரயில் கட்டணம் ஆகிய சிறு தொகைகள் உரிய நாளில் கிடைக்காததாலேயே நின்று போகிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் முதல் நாள் கட்டணத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நாம், இரண்டாம் ஆண்டில் அப்பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்கிறோமா?

ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலிலும் சிறு நிதி ஒன்றை இதற்கென ஒதுக்கலாம். தேவையுள்ள மாணவருக்கு ஜகாத் நிதியிலிருந்து எவ்வாறு உதவலாம் என்பதை அந்தந்த ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். உடற்கல்வி கற்றுத் தேர்ந்த நம் இளைஞர் ஒருவரைக் கொண்டு, அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே மதரஸா மாணவருக்கு உடற்பயிற்சி அளிக்கச் செய்து, அதற்கு மதிப்பூதியமும் தரலாம். பிள்ளைகளுக்கு உடல்நலம் கிட்டும். அவ்விளைஞருக்கும் ஒரு வருவாய் பிறக்கும். பள்ளிவாசலை அடுத்துக் காலியாகக் கிடக்கும் வக்ஃபு நிலம் முட்புதர் மண்டுவதை விட, மாலையில் பிள்ளைகள் ஓடியாடும் களமாவது எவ்வளவோ மேல்.

அடுத்த மே மாதம் வரும். தேர்வு முடிவும் வரும். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் தயங்கி நிற்கும் பிள்ளையிடம் நாம் செல்வோமாக. அவன் கால்களின் வேகமும் அவள் கைகளின் திறமும் இறைவன் அளித்த அமானிதங்கள். அவற்றுக்குரிய கல்வியை ஆராய்ந்து தேர்ந்து, சேர்த்த நாள் முதல் முடிக்கும் நாள் வரை உடன் நிற்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.